பாம்பென்றால் - படை நடுங்கிய கதையும், நடுங்காதவர்கள் கதையும்

கரப்பான்பூச்சி, பல்லி, இருட்டு, லிஃப்ட், மேடை, ஊசி... மனுஷனுக்குப் பயப்பட விஷயமா இல்லை? ஆனா எங்க வள்ளூர்ல ஒரு ஓட்டெடுப்பு நடத்தினா மற்ற எல்லாப் பயமும் டெபாசிட் இழந்துடும். பாம்புதான் ஜெயிக்கும். காரணம் ஊரோட அமைப்பு. மீஞ்சூர் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் 500 மெகாவாட் யூனிட் மூணு ஓடுகிற அனல் மின்நிலையம், இன்னொரு பக்கம் நெல் வயல், கொஞ்சம் தள்ளினா கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும். வயல் இருந்தா எலி, எலி இருந்தா பாம்பு. வயலை மூடி கம்பெனியோ காலனியோ கட்டினாலும் பாம்புக்கு அந்த விஷயத்தை யாரும் சொல்லி அனுப்புறதில்லை. அது பழைய விலாசத்துக்கே வந்துட்டு இருக்கு.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அதில் பாதி நம்ம ஊர் பக்கத்திலேயே நடந்தது. அதைத்தான் கொஞ்சம் விலாவாரியா எழுதலாம்னு இந்தப் பதிவு. நீளமாப் போகும், மன்னிச்சுக்கோங்க மக்களே.

முதல்ல ஒரு கேள்வி. பாம்புப் பயம் பிறவியிலேயே வருதா, கத்துக்கிறதா? இதுக்கு ரொம்ப நாள் சண்டை. 1980-களில் அமெரிக்காவில் சூசன் மினேகா என்கிற உளவியலாளர் ரீசஸ் குரங்குகளை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகள் பாம்பைப் பார்த்துப் பயப்படவே இல்லை. பாம்புக்கு அந்தப் பக்கம் இருந்த தீனியைச் சாதாரணமா கையை நீட்டி எடுத்தன. காட்டில் பிறந்த குரங்குகளோ (அதுங்க நம்ம இந்தியாவில் இருந்து போனவை!) அலறின. அடுத்து, காட்டுக் குரங்கு பாம்பைப் பார்த்து அலறுவதைக் கூடத்துக் குரங்குக்குக் காட்டினார். சில நிமிஷத்தில் அதுவும் பயப்படக் கத்துக்கிச்சு. அதுவரைக்கும் அதைப் பாம்பு கடிக்கவும் இல்லை, சீறவும் இல்லை. இன்னொரு குரங்கோட முகத்தைப் பார்த்தது, அவ்வளவுதான்.

அதோட நிற்கலை. வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு ஒரு பூவைப் பார்த்து அலறுகிற மாதிரி செய்து காட்டினார்கள். பூவுக்கு ஒண்ணும் பயப்படலை. அப்போ என்ன அர்த்தம்? பயம் கூடவே பிறக்கிறதில்லை, ஆனா பாம்புப் பயத்தைச் சீக்கிரம் பிடிச்சுக்கிற ஒரு வாகு கூடவே பிறக்குது. நம்ம பாஷையில் சொன்னா, சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகலை, ஆனா அதுக்குன்னு ஒரு ஸ்லாட் தயாரா இருக்கு. பெத்தவங்க முகம்தான் இன்ஸ்டாலர்.

நம்ம வீடுகளில் அந்த இன்ஸ்டாலர் எப்படி ஓடுதுன்னு பாருங்க. ராத்திரியில் 'பாம்பு'ன்னு பேர் சொல்லக்கூடாது, 'பூச்சி'ன்னு சொல்லணும். அதிலேயே ரொம்ப ஆபத்தானதுக்குப் பேர் 'நல்ல' பாம்பு. பேரிலேயே ஐஸ் வைக்கிறோம். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பாலும் முட்டையும். பால் பாம்போட உணவே இல்லைங்கிறது வேறு விஷயம். அடிச்சா ஜோடி வந்து பழி வாங்கும், நம்ம முகத்தை ஞாபகம் வெச்சுக்கும். 1979-ல் 'நீயா?' வந்த பிறகு இது சட்டமாவே ஆயிடுச்சு. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும். மண்ணுளி நக்கினா குஷ்டம் வரும். சாரையும் நாகமும் பின்னிப் பிணையும். (பெரும்பாலும் அது ரெண்டு ஆண் சாரைகள் போடுகிற குஸ்தி. நாமதான் அதுல ஒரு காதல் கதை எழுதி வெச்சிருக்கோம். :-))

இதில் கவனிக்க வேண்டியது, நாம் கதை கட்டி வைத்திருக்கிற பச்சைப் பாம்பு, மண்ணுளி, சாரை எதனாலும் மனுஷனைக் கொல்ல முடியாது. நாட்டில் பெரும்பாலான சாவுக்குக் காரணம் நாலே நாலு: நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம்ம பயம் அந்த நாலோட நிற்காம, நீளமா நெளியுற எல்லாத்தின் மேலயும் பரவிக் கிடக்கு.

இதைப் பிரிச்சுப் பார்க்கணும்னு இந்தக் கரையில் பெரிய அளவில் உட்கார்ந்து வேலை செய்த ஒருத்தர் பேட்ரிக் ரஸ்ஸல். ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர். விசாகப்பட்டினத்தில் இருந்தார். 1785-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கர்நாடகப் பகுதிக்கு இயற்கை ஆய்வாளரா நியமிச்சது. கம்பெனிக்கு அப்போ பாம்பு ஒரு நிர்வாகப் பிரச்சினை. சிப்பாய்கள் சாகிறாங்க, எந்தப் பாம்பு விஷம், எது இல்லைன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. ரஸ்ஸல் பாம்புகளைச் சேகரிச்சார், படம் வரைய வெச்சார், ஊர்க்காரங்க சொன்ன பேரைக் கேட்டு அப்படியே எழுதிக்கிட்டார், கோழி மேலயும் நாய் மேலயும் கடிக்க விட்டுப் பார்த்தார். (இன்னிக்கு அனுமதி கிடைக்காது.) 1796-ல் லண்டனில் அவருடைய கோரமண்டல் கரைப் பாம்புகள் பற்றிய புத்தகம் வண்ணப் படங்களோட வந்தது. கோரமண்டல் கரைன்னா நம்ம பழவேற்காடு, எண்ணூர் எல்லாம் அடக்கம். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்னிக்கும் அவர் பேர்தான்.

அவர் காலத்தில் பாம்புக்கடிக்குத் 'தஞ்சாவூர் மாத்திரை'ன்னு ஒண்ணு பிரபலம். உள்ளே பாஷாணம், பாதரசம், மிளகு. அதையும் ரஸ்ஸல் சோதித்தார். ஊர் நம்பின அளவுக்கு அதில் சரக்கு இல்லை. ஆனா அந்த மாதிரி மருந்துகள் ஏன் அவ்வளவு காலம் பேரோட இருந்தன? கடிச்ச பாம்புகளில் நிறைய விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமலேயே கடிச்சுட்டுப் போகும். அப்படிப் பிழைச்சவங்க எல்லாரும் மாத்திரையால பிழைச்சாங்கன்னு கணக்காயிடும். பிழைக்காதவங்க வந்து சாட்சி சொல்ல மாட்டாங்க. இன்னிக்கும் பச்சிலை, மந்திரம், விஷக்கல் எல்லாத்துக்கும் இதே கணக்குதான் ஓடுது.

அடுத்தவர் ஜோசப் ஃபேரர், கல்கத்தாவில் சர்ஜன். 1869-ம் வருஷத்துக்குப் பாம்புக்கடிச் சாவு எத்தனைன்னு பல மாகாணங்களுக்கு எழுதிக் கேட்டார். வந்த பதில்களைக் கூட்டினா 11,416. எல்லா இடத்திலிருந்தும் பதில் வரலைன்னு அவருக்கே தெரியும். 1872-ல் அவர் புத்தகம் வந்தது. அதுக்குப் படம் வரைஞ்சவங்க கல்கத்தா ஓவியப் பள்ளி மாணவர்கள்.

அந்த எண்ணைப் பார்த்த அரசாங்கம் பயந்தது. பயந்தவங்க செய்யுறதைத்தான் அதுவும் செய்தது: அடி. செத்த பாம்புக்கு இவ்வளவுன்னு பரிசு. வருஷா வருஷம் லட்சக்கணக்கில் பாம்புகள் கொல்லப்பட்டதாக் கணக்கு எழுதினாங்க. சாவு எண்ணிக்கை அசையலை. (டெல்லியில் பரிசுக் காசுக்காக ஜனங்க நாகப்பாம்பு வளர்த்தாங்கன்னு மேனேஜ்மெண்ட் டிரெய்னிங்கில் ஒரு கதை சொல்வாங்க. எங்க ஆபீஸ் டிரெய்னிங்கிலும் சொன்னாங்க. கேட்க ஜோரா இருக்கும், உறுதியான ஆதாரம் கிடையாது.) பரிசுக்கு வந்ததில் எத்தனை சாரை, எத்தனை தண்ணீர்ப் பாம்பு இருந்திருக்கும்னு யோசிங்க. சாரையைக் கொன்னா வயலில் எலி பெருகும். எலி பெருகினா நாகம் வரும். அடிக்க அடிக்கப் பிரச்சினைக்கு நாமளே தீனி போட்ட மாதிரி.

உண்மையில் பயத்தோட முதுகெலும்பை உடைச்சது ஒரு வெள்ளம். 1891-ல் பிரெஞ்சுக்காரங்க ஆண்ட வியட்நாமில் பாக் லியூ பக்கம் வெள்ளம் வந்து, நாகப்பாம்புகள் ஊருக்குள்ள புகுந்து பல பேரைக் கடிச்சது. சைகோனில் இருந்த ஆல்பர்ட் கால்மெட் அங்கே ஆரம்பிச்ச ஆராய்ச்சியில்தான், மிருகங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷம் ஏத்தி அதோட ரத்தத்தில் இருந்து முறிவு மருந்து எடுக்கிற வழி கிடைச்சது. 1890-களின் நடுவில் அது மனுஷங்களுக்கு வந்துடுச்சு. ஒரு பாம்புக்குத் தயாரிச்ச மருந்து இன்னொரு பாம்புக்குக் கேட்காதுங்கிறது கொஞ்ச வருஷத்தில் புரிஞ்சது. அதனாலதான் இன்னிக்கு நம்ம ஆஸ்பத்திரியில் இருக்கிற மருந்து அந்த நாலு பாம்புக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுது. குதிரைக்கு விஷத்தை ஏத்தித்தான் எடுக்கிறாங்க.

பாக் லியூ கதை படிச்சப்போ எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ரெண்டு தடவையும் தண்ணியோட சேர்ந்து வீட்டுக்குள்ள பாம்பும் வந்தது. பாம்புக்கும் அது வெள்ள நிவாரணம்தான். மேடான இடத்தைத் தேடி வந்திருக்கு.

சரி, முறிவு மருந்துக்கு விஷம் வேணும். விஷத்துக்கு உயிரோட பாம்பு வேணும். அதை யார் பிடிக்கிறது?

இங்கேதான் இருளர்கள் வர்றாங்க. திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் இருக்கிற பழங்குடி மக்கள். நம்ம பக்கத்துக் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணியில் இறங்கி, சேத்துக்குள்ள வெறும் கையை விட்டு இறால் பிடிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. அவங்கதான். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமையா மாட்டி மீட்கப்பட்டவங்களிலும் பலர் இவங்கதான். மண்ணில் இருக்கிற ஒரு கோடு, வளைவாசலில் ஒட்டியிருக்கிற ஒரு துளி எச்சம், உரிஞ்ச சட்டைத் துண்டு, இதை வெச்சு உள்ளே இருக்கிறது என்ன பாம்பு, எப்போ போச்சுன்னு சொல்லிடுவாங்க. நான் லாக் ஃபைல் படிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். அதனால இந்த வித்தை மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி.

ஆனா 1970-கள் வரைக்கும் இந்த வித்தைக்கு மார்க்கெட் ஒண்ணுதான்: தோல். பை, செருப்பு, பெல்ட். மெட்ராஸ் வழியா லட்சக்கணக்கில் பாம்புத் தோல் வெளிநாட்டுக்குப் போச்சு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது, 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்னுச்சு. பாம்புக்கு நல்லதுதான். ஆனா இருளர் அடுப்பும் சேர்ந்து அணைஞ்சது. பரம்பரைத் தொழில் ஒரே நாளில் குற்றமாயிடுச்சு.

அப்போ இவங்களோட சுத்திக்கிட்டு இருந்த ஒரு ஆள் ரோமுலஸ் விட்டேகர். நியூயார்க்கில் பிறந்து, சின்ன வயசிலேயே இந்தியா வந்து, கொடைக்கானலில் படிச்சவர். 1969-ல் தாம்பரம் பக்கத்துல சேலையூரில் ஒரு பாம்புப் பண்ணை ஆரம்பிச்சார். 1972-ல் அது கிண்டிக்கு வந்தது. நாம எல்லாம் ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் வரிசையில் நின்னு, கண்ணாடியில் மூக்கை ஒட்டி வெச்சுப் பார்த்த அதே கிண்டி பாம்புப் பண்ணைதான்.

இதில் ஒரு சுவாரசியமான தற்செயல். அதே 1969-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூராவும் அவர் கூட்டாளிகளும் பாம்புப் பயத்துக்கு எந்த வைத்தியம் வேலை செய்யுதுன்னு ஒரு பரீட்சை நடத்தி வெளியிட்டாங்க. வந்தவங்க சும்மா 'ஐயோ பாம்பு'ன்னு கத்துறவங்க இல்லை. பாம்புக்குப் பயந்து தோட்டத்தில் இறங்காதவங்க, வெளியூர் போகாதவங்க. ஒரு குழுவைக் கண்ணை மூடி உடம்பைத் தளர்த்திப் பாம்பைக் கற்பனை செய்யச் சொன்னாங்க. (ஜோசப் வோல்பே என்கிற தென்னாப்பிரிக்க மருத்துவர் 1950-களில் பிரபலப்படுத்தின முறை.) இன்னொரு குழுவுக்குப் படம் போட்டுக் காட்டினாங்க. மூணாவது குழுவுக்கு நிஜப் பாம்பு, விஷமில்லாதது. முதல்ல ஒருத்தர் அதைப் பதறாம கையில் எடுத்துக் காட்டுவார். இவங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கணும். அப்புறம் அதே அறைக்குள்ள. அப்புறம் கையுறை போட்டு ஒரு தொடல். அப்புறம் வெறும் கை. ஒவ்வொரு படியிலும் அந்த ஆள் பக்கத்திலேயே இருப்பார். கடைசியில் பாம்பு மடியில்.

மூணு வழியிலும் பலன் இருந்தது. ஆனா மூணாவது வழியில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேருக்குப் பயம் போயே போச்சு. அதுக்கப்புறம் பாம்புக்குச் சம்பந்தமே இல்லாத மற்ற பயங்களும் குறைஞ்சதா அவங்க சொன்னாங்க. 'என்னால முடியும்' என்கிற எண்ணத்தைப் பற்றி பண்டூரா பின்னாடி எழுதினதுக்கெல்லாம் விதை இந்தப் பாம்பு ஆராய்ச்சியில் இருக்கு.

மினேகாவோட குரங்கைத் திரும்ப யோசிச்சுப் பாருங்க. அலறுகிற முகத்தைப் பார்த்து ஏறின பயம், அலறாத முகத்தைப் பார்த்து இறங்குது. வந்த வாசல்தான் போற வாசலும். 'பயப்படாதே'ன்னு வாயால சொல்றதுக்கு இதில் வேலையே இல்லை. அம்மா கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு 'அது ஒண்ணும் பண்ணாதுடா'ன்னு சொன்னா எந்தப் பிள்ளை நம்பும்?

இருளர் வீட்டில் இது தலைமுறை தலைமுறையா நடக்குது. பிள்ளை அப்பா பின்னாடி வயலுக்குப் போகுது, அவர் கையைப் பார்க்குது, முகத்தைப் பார்க்குது. அதுக்காக அவங்களுக்குப் பயமே இல்லைன்னு அர்த்தம் இல்லை. கட்டு விரியன் கிட்ட யாரும் வீரம் காட்ட மாட்டாங்க. அவங்க பயம் அளவா, சரியான பாம்பு மேல மட்டும் இருக்கு. நம்மளுது ஊர் முழுக்க இருக்கு.

விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து 1978-ல் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. மாமல்லபுரம் போற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ள இருக்கு. போனா பார்க்கலாம். தரையில் வரிசையா மண்பானை, வாயில் துணி கட்டி, உள்ளே பாம்பு. சில வாரம் வெச்சு, வாரம் ஒரு தடவை விஷம் எடுத்து, வயித்துச் செதிலில் ஒரு சின்ன வெட்டு அடையாளம் போட்டு, திரும்பக் காட்டில் விட்டுடுவாங்க. அடையாளம் இருக்கிற பாம்பு மறுபடி கிடைச்சா எடுக்க மாட்டாங்க. தோலுக்காகச் செத்துட்டு இருந்த பாம்பு இப்போ எச்சில் துப்பிட்டு வீட்டுக்குப் போகுது. இந்தியாவில் முறிவு மருந்து தயாரிக்கிற கம்பெனிகளுக்குப் போற விஷத்தில் பெரும்பகுதி பல வருஷமா இந்தப் பானைகளில் இருந்துதான் போயிருக்கு. வருஷத்துக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம்னு வனத்துறை அனுமதி கொடுக்கணும். அது தாமதமான வருஷங்களில் இங்கே வருமானமும் இல்லை, அங்கே விஷமும் இல்லை.

2017 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஒரு வேடிக்கை. அங்கே சதுப்புக் காட்டில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, முயலையும் நரியையும் காலி பண்ணிட்டு இருந்தது. 2016-ல் போட்டி வெச்சாங்க. சுமார் ஆயிரம் பேர், ஒரு மாசம், பிடிச்சது 106 பாம்பு. அப்புறம் நம்ம ஊரில் இருந்து வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு இருளர்களைக் கூட்டிட்டுப் போனாங்க. முதல் எட்டு நாளிலேயே 13 பாம்பு. அதில் ஒண்ணு 16 அடி! மலைப்பாம்பு அவங்க வழக்கமாப் பிடிக்கிற பாம்பும் இல்லை, காடும் புதுசு. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. விட்டேகருக்கு 2018-லயே கொடுத்தாச்சு. வரிசை திருப்பிப் போட்டிருக்கணும்னு என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

இவ்வளவு இருந்தும் 2000-ல் இருந்து 2019 வரைக்கும் இந்தியாவில் பாம்புக்கடியில் செத்தவங்க சுமார் 12 லட்சம்னு 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்லுது. வருஷத்துக்குச் சராசரி 58,000. அதில் கால் பங்குக்கு மேல 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க. பெரும்பாலும் கிராமம், பெரும்பாலும் வீட்டிலேயே, மழைக்காலத்தில்.

புற்றுக்குப் பால் ஊத்துற அதே வீட்டில் ராத்திரி தரையில் பாய் விரிச்சு, கொசுவலை இல்லாம படுக்கிறாங்க. கட்டு விரியன் ராத்திரிதான் வரும், கடிச்சா வலிகூடப் பெரிசாத் தெரியாது. காலையில் வயித்து வலி, கண் இமை தொங்குதுன்னு எழுந்திருப்பாங்க. சாரையைப் பார்த்து ஊரே கம்பு எடுக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற பையன் டார்ச் இல்லாம வரப்பு வழியா குறுக்கே நடந்து போவான். செல்போனில் டார்ச் இருக்கு, அதில் பாட்டு கேட்டுக்கிட்டுப் போவான். கடிச்சா கயிறு கட்டுறது, பிளேடால கீறுறது, வாயால உறிஞ்சுறது. எதுவுமே செய்யக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வெச்சு நேரே பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியோ ஸ்டான்லியோ போகணும். பாம்பை அடிச்சுப் பையில் போட்டுக் கொண்டு போகவும் வேண்டாம். டாக்டர் அறிகுறியை வெச்சுப் பார்த்துப்பார். அடிக்கப் போய் ரெண்டாவது கடி வாங்கினவங்க உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள்ள சாவைப் பாதியாக் குறைக்கணும்னு மத்திய அரசு 2024-ல் ஒரு திட்டம் போட்டது. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒண்ணா அறிவிச்சது. தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும் ஒவ்வொரு கடியையும் எழுதித் தரணும். ஃபேரர் கடிதம் போட்டுக் கேட்ட கணக்கு, 155 வருஷம் கழிச்சு நம்ம பக்கத்தில் இப்போதான் எழுத ஆரம்பிச்சிருக்காங்க.